வீட்டுக் கணக்குக்கும் டாக்டர் பட்டமா?

(பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, தன் வகுப்புத் தோழியர் சார்பில் எழுதியது)

இந்த ஆண்டு ஜனவரி மாதத்தில் ஒரு நாள், எங்கள் பள்ளியின் பழைய மாணவியான அக்கா ஒருவர் எங்கள் வகுப்புக்கு வந்தார். பத்தாம் வகுப்புக்குப் பின் எந்தப் பிரிவை எடுப்பது என்று குழம்பி நிற்கும் எங்களுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லும்படி சிஸ்டர் அவரை அழைத்திருந்தார்கள். “நீங்கள் என்ன படிக்கிறீர்கள், அக்கா?” என்று கேட்டோம். “தனிநபர் நிதித் திட்டமிடலில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறேன், அமெரிக்காவில்” என்றார். எங்களுக்குப் புரியவில்லை. “ஒரு குடும்பம் எப்படிச் சம்பாதிக்கிறது, எப்படிச் செலவு செய்கிறது, எதைச் சேமிக்கிறது, எதற்குக் கடன் வாங்குகிறது, முதுமைக்கு என்ன வைத்துக்கொள்கிறது என்று ஆராயும் படிப்பு” என்று விளக்கினார்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது: “மளிகைக் கணக்கு எழுத அமெரிக்காவா?” வகுப்பே கொல்லென்று சிரித்தது. அக்காவும் சேர்ந்து சிரித்தார். சிஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. “சிரித்தவர்கள் எல்லோரும் சேர்ந்து இதைப்பற்றி ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை எழுதுங்கள்” என்று சொல்லிவிட்டார்கள். அந்தத் தண்டனையின் விளைவே இக்கட்டுரை. தண்டனையாகத் தொடங்கியது, எழுதி முடிக்கும்போது எங்கள் சொந்தக் கருத்தாகவே மாறிவிட்டது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறோம்.

நாங்கள் ஏன் சிரித்தோம்? யோசித்துப் பார்த்தால் மூன்று காரணங்கள் தெரிகின்றன. ஒன்று, வீட்டுச் செலவு என்பது அம்மாவின் வேலை. அம்மாவின் வேலைக்குப் படிப்பு எதற்கு என்ற எண்ணம். இரண்டு, நிதி, முதலீடு என்பவையெல்லாம் பணக்காரர் பேச்சு என்ற எண்ணம். மூன்று, டாக்டர் பட்டம் என்றால் விண்வெளி, அணு, மருத்துவம் என்று பெரிய பெரிய விஷயங்களுக்குத்தான் என்ற எண்ணம். இந்த மூன்றும் தவறு என்பதே இப்போது எங்கள் கருத்து.

முதலில் இந்தப் படிப்பு என்ன என்பதைச் சொல்லிவிடுகிறோம். அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகம், டெக்ஸாஸ் டெக் பல்கலைக்கழகம், ஜார்ஜியா பல்கலைக்கழகம் முதலியவற்றில் இத்துறையில் டாக்டர் பட்ட ஆராய்ச்சி நடைபெற்று வருகிறது. மாணவர் முதலில் புள்ளியியல், பொருளியல், ஆராய்ச்சி முறை, மனிதர் மனம் முடிவெடுக்கும் விதம் ஆகிய பாடங்களைப் படிக்க வேண்டும். பிறகு தகுதித் தேர்வு. அதன்பின் யாரும் விடை காணாத ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு ஆராய்ந்து, ஆய்வேடு எழுதி, பேராசிரியர்கள் முன்னிலையில் அதை நிலைநாட்ட வேண்டும். முழுநேரமாகப் படித்தால் ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் ஆகும்.

ஒரு குடும்பத்துக்கு ஆலோசனை சொல்ல இவ்வளவு படிப்பு தேவையில்லை. அதற்குச் சான்றிதழ்ப் படிப்பு இருக்கிறது. 1969 டிசம்பரில் சிகாகோ விமான நிலையத்துக்கு அருகே ஒரு விடுதியில் லோரன் டண்டன் என்பவரும் சிலரும் கூடிப் பேசியதிலிருந்து அந்தத் தொழில் முறையாகத் தொடங்கியது. 1973இல் முதல் அணியினர் சான்றிதழ் பெற்றனர். இன்று நம் நாட்டிலும் அந்தச் சான்றிதழைப் பெறலாம். அப்படியானால் டாக்டர் பட்டம் எதற்கு? மருந்து எழுதிக் கொடுக்கும் மருத்துவர் ஒருவர். அந்த மருந்து உண்மையிலேயே நோயைக் குணப்படுத்துகிறதா என்று சோதித்துப் பார்க்கும் ஆராய்ச்சியாளர் இன்னொருவர். இருவரும் வேண்டும் அல்லவா? “சிக்கனமாக இரு, சேமித்து வை” என்று சொல்வதற்கு ஊரில் ஆயிரம் பேர் உண்டு. சொன்னபடி ஏன் நடக்க முடியவில்லை என்று கண்டுபிடிப்பவர் வெகு சிலரே. அந்தச் சிலரை உருவாக்குவதுதான் இந்தப் பட்டம்.

கான்சாஸில் நடந்த ஓர் ஆய்வை அக்கா எடுத்துக் கூறினார். 4,500க்கும் மேற்பட்ட தம்பதியரைப் பற்றிய விவரங்களை ஆராய்ந்தார்களாம். எந்தச் சண்டை குடும்பத்தைப் பிரிக்கும் என்று பார்த்ததில், பிள்ளைகளைப் பற்றிய சண்டையைவிட, மாமியார் வீட்டைப் பற்றிய சண்டையைவிட, பணத்தைப் பற்றிய சண்டையே மணமுறிவுக்கு முன்னறிகுறியாக நின்றதாம். வருமானம் அதிகமுள்ள வீடு, குறைவான வீடு என்ற வேறுபாட்டைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் அப்படித்தானாம். ஆகவே இது பணக்காரர் பேச்சு மட்டும் அன்று. இராத்திரியில் அடுத்த அறையில் அப்பாவும் அம்மாவும் மெல்லிய குரலில் வாதாடுவதைப் போர்வைக்குள் கேட்டுக்கொண்டு படுத்திருந்த எவளுக்கும் இந்த ஆய்வு புதிதாகத் தோன்றாது.

எங்களை மிகவும் வியக்க வைத்தது இந்தப் படிப்பு பிறந்த இடம்தான். வங்கிக் கட்டிடத்திலோ பங்குச் சந்தையிலோ அது பிறந்ததாக நினைத்தோம். ஆனால் டெக்ஸாஸிலும் கான்சாஸிலும் அது வளர்ந்தது மனையியல் கல்லூரிகளின் வழிவந்த துறைகளில்! கான்சாஸில் 1870களிலேயே பெண்களுக்கு மனையியல் கற்பிக்கத் தொடங்கிவிட்டார்கள். தையலும் சமையலும் சொல்லிக்கொடுத்த அந்தக் கூடங்களில்தான் பிற்காலத்தில் ‘குடும்பத்தின் பணம்’ என்ற கேள்வியும் எழுந்தது.

அந்தக் கேள்வியை முதலில் எழுப்பியவர்களுள் இரண்டு பெண்கள் முக்கியமானவர்கள். ஒருவர் ஹேஸல் கிர்க். 1920இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்று, மக்கள் ஏன் வாங்குகிறார்கள், எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது பற்றி 1923இல் ஒரு நூல் வெளியிட்டார். மற்றவர் மார்கரெட் ரீட். கனடாவில் பிறந்தவர்; 1931இல் அதே பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். வீட்டு வேலையும் உற்பத்தியே என்று 1934இல் நூல் எழுதினார். கூலி கொடுத்து இன்னொருவரைக் கொண்டு செய்விக்கக்கூடிய வேலை எதுவோ அது பொருளாதார வேலையே என்பது அவர் வகுத்த அளவுகோல். அந்த அளவுகோலை எங்கள் வீட்டில் வைத்துப் பார்த்தால், காலை ஐந்து மணிக்கு எழுந்து இரவு பத்து மணிக்கு அடுப்படியைக் கழுவிவிடும் அம்மாவை “சும்மாத்தான் வீட்டில் இருக்கிறார்” என்று விண்ணப்பத் தாளில் எழுத நம் கை கூசும்.

1976இல் நோபல் பரிசு பெற்ற மில்டன் ஃபிரீட்மன் குடும்பங்களின் செலவு பற்றி 1957இல் எழுதிய புகழ்பெற்ற நூலில், அதன் அடிப்படைக் கருத்து மார்கரெட் ரீட், டாரதி பிரேடி, தம் மனைவி ரோஸ் ஆகியோருடன் நடந்த உரையாடல்களில் உருவானது என்று தாமே ஒப்புக்கொண்டிருக்கிறார். நோபல் பரிசு அவர் பெயருக்கு வந்தது. ஆனால் அந்தச் சிந்தனைக்குத் துணைநின்ற பெண்களில் ஒருவர் மனையியல் துறையிலிருந்து வந்தவர். மனையியல் என்றால் மதிப்பெண் குறைந்தவர்கள் எடுக்கும் பிரிவு என்று பேசிக்கொள்ளும் நாம் இதை அறிந்துகொள்ள வேண்டாமா?

அடுத்து, மூன்று கேள்விகள். இத்தாலியில் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியராகப் பணிபுரியும் அன்னமரியா லூசார்டி என்ற பெண்மணியும், ஒலிவியா மிட்சல் என்ற பெண்மணியும் சேர்ந்து உருவாக்கியவை அவை. நூறு ரூபாயை ஆண்டுக்கு 2 சதவீத வட்டியில் போட்டால் ஐந்து ஆண்டுகளில் 102 ரூபாய்க்கு மேல் இருக்குமா, குறைவாக இருக்குமா? வட்டி 1 சதவீதம், விலைவாசி ஏறுவது 2 சதவீதம் என்றால் ஓராண்டு கழித்து அந்தப் பணத்தில் அதிகம் வாங்கலாமா, குறைவாக வாங்கலாமா? ஒரே கம்பெனியின் பங்கை வாங்குவது பாதுகாப்பா, பல கம்பெனிகளில் பிரித்துப் போடுவது பாதுகாப்பா? 2004இல் ஐம்பது வயதைக் கடந்த அமெரிக்கர்களிடம் இக்கேள்விகளைக் கேட்டபோது, மூன்றுக்கும் சரியான விடை சொன்னவர்கள் மூன்றில் ஒரு பங்கினரே.

ஆண்களைவிடப் பெண்கள் இக்கேள்விகளுக்குக் குறைவாகவே விடை சொல்கிறார்கள் என்று பல நாடுகளில் கண்டார்கள். பெண்களுக்கு அறிவு போதாது என்று முடிவுகட்டிவிடலாமா? 2021இல் வெளிவந்த ஓர் ஆய்வு அங்கேதான் நுட்பமாக நுழைந்தது. நெதர்லாந்து நாட்டில் ஒரே மக்களிடம் இதே கேள்விகளை இரண்டு முறை கேட்டார்கள். முதல் முறை விடைகளோடு ‘தெரியாது’ என்பதையும் ஒரு விடையாகக் கொடுத்தார்கள். இரண்டாம் முறை அதை எடுத்துவிட்டார்கள். அப்போது முன்பு ‘தெரியாது’ என்று சொன்ன பெண்கள் பலர் சரியான விடையைச் சொன்னார்கள்! ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே காணப்பட்ட வேறுபாட்டில் மூன்றில் ஒரு பங்கு அறிவுக் குறைவினால் வந்ததன்று, தன்னம்பிக்கைக் குறைவினால் வந்தது என்று கணக்கிட்டுக் காட்டினார்கள்.

இதைக் கேட்டதும் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கணக்கு வகுப்பில் விடை தெரிந்திருந்தும் கை தூக்காமல் குனிந்துகொள்பவர்கள் நாங்கள். கேட்டால் “தெரியாது, சிஸ்டர்” என்போம். தவறாகச் சொல்லிச் சிரிப்புக்கு ஆளாவதைவிட ‘தெரியாது’ பாதுகாப்பானது. அந்தப் பழக்கம் வளர்ந்து நாளைக்கு வங்கிப் படிவத்தின் முன்னும், காப்பீட்டு முகவரின் முன்னும், “இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா” என்று நீட்டப்படும் தாளின் முன்னும் வந்து நின்றால் என்ன ஆகும்?

சோதித்துப் பார்ப்போம் என்று அந்த மூன்று கேள்விகளையும் எங்கள் அம்மாக்களிடம் கொண்டுபோனோம். பெரும்பாலோர் சொன்ன பதில் ஒன்றுதான்: “அப்பா வரட்டும், அவரைக் கேளு.” எங்கள் தோழி ஒருத்தியின் அம்மா கோயில் வாசலில் பூ விற்பவர். (தோழியின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறோம்.) அவரும் முதலில், “எனக்கு என்ன கண்ணு தெரியும், நான் அஞ்சாவதுதான் படிச்சேன்” என்றார். பிறகு கேள்வியை மாற்றிக் கேட்டோம். “கையில் இருக்கிற காசுக்கெல்லாம் மல்லிகையே வாங்குவீங்களா, அம்மா?” அவர் சிரித்துவிட்டார். “அப்படி வாங்கினா மல்லி விக்காத அன்னிக்குக் கூடையோட கொட்டவேண்டியதுதான். கொஞ்சம் மல்லி, கொஞ்சம் சம்பங்கி, கொஞ்சம் கதம்பம். ஒண்ணு போனா ஒண்ணு காப்பாத்தும்.” பல கம்பெனிகளில் பிரித்துப் போடுவது ஏன் பாதுகாப்பு என்ற மூன்றாவது கேள்விக்கு இதைவிட நல்ல விடை உண்டா?

ஆனால் அதே அம்மா தண்டல் பணம் வாங்குகிறார். பெயருக்குப் பத்தாயிரம்; கையில் தருவது 8,500. நாளைக்கு 100 ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். நாங்கள் கரும்பலகையில் போட்டுப் பார்த்தோம். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கட்டுவதால் சராசரியாக அவர் கையில் இருப்பது 8,500இல் ஏறக்குறைய பாதி. அதற்கு நூறு நாளில் 1,500 ரூபாய் வட்டி. ஆண்டுக்குக் கணக்கிட்டால் நூறு சதவீதத்தையும் தாண்டுகிறது! பெரிய கண்டுபிடிப்பைச் செய்துவிட்டவர்கள் போல ஓடிப்போய் அவரிடம் சொன்னோம். அவர் நார் கிழித்துக்கொண்டே சொன்னார்: “அது எனக்குத் தெரியாதா? நாலு மணிக்கு மார்க்கெட்டுக்குப் போகணும். அந்த நேரத்துக்குக் கையில காசு கொடுக்கிறவன் அவன் ஒருத்தன்தான். பேங்குக்கு ரெண்டு தடவை போய் வந்தா ரெண்டு நாள் யாவாரம் போச்சு.”

எங்களுக்கு வாயடைத்துப் போயிற்று. கணக்கு அவருக்குத் தெரிந்திருக்கிறது. எங்களுக்குத்தான் அவருடைய நாள் தெரியவில்லை. “வட்டி அதிகம், வாங்காதீர்கள்” என்று சொல்வது ஆலோசனை ஆகாது. விடியற்காலை நான்கு மணிக்கு, அடகு வைக்க நகை இல்லாதவருக்கு, நியாயமான வட்டியில் சிறு தொகை கிடைக்க என்ன வழி? நாளுக்கு நாள் மாறும் வருமானத்தில் சேமிப்பது எப்படி? இவைதாம் நிஜமான கேள்விகள். டாக்டர் பட்டத்துக்கு இதைவிடப் பெரிய கேள்வி வேண்டுமா?

அமெரிக்கப் பாடங்களில் பெரும்பகுதி மாதச் சம்பளம் வாங்கி ஓய்வுக்காலத்துக்குச் சேர்த்து வைக்கும் குடும்பத்தை மனத்தில் கொண்டது என்று அக்காவே சொன்னார். நம் வீடுகளில் சீட்டு உண்டு, நகை அடகு உண்டு, மகளிர் குழு உண்டு, மொய் உண்டு, மகளின் திருமணத்துக்காகப் பிறந்த நாள் முதல் சேர்க்கும் பவுன் உண்டு. இவற்றுள் எது குடும்பத்தைத் தாங்குகிறது, எது சாய்க்கிறது? அங்குள்ள முறைகளைக் கற்று, இங்குள்ள கேள்விகளைக் கேட்க நம்மவர் வேண்டும். நம் வீடுகளைப் பற்றிய கேள்வியை நம்மையன்றி யார் கேட்பார்கள்?

இது நடவாத காரியம் அன்று. உணவூட்டவியலில் இதுபோன்ற ஒரு பயணத்தை நம் மாநிலம் கண்டிருக்கிறது. டாக்டர் இராஜம்மாள் தேவதாஸ் அம்மையார் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்று, தாயகம் திரும்பி, கோயம்புத்தூர் அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரியை வளர்த்தார். 1957இல் தொடங்கிய அக்கல்லூரி 1988இல் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. அவர் அதன் துணைவேந்தராகவும் விளங்கினார். சமையலறையில் கிடந்த சோறும் கீரையும் அறிவியலாகவில்லையா? அவ்வாறே அஞ்சறைப்பெட்டியில் கிடக்கும் காசும் அறிவியலாகட்டும். அகமதாபாத்தில் 1974இல் நாலாயிரம் ஏழைத் தொழிலாளிப் பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் பங்குப் பணம் போட்டு ‘சேவா’ வங்கியைத் தொடங்கினார்கள். ஏழைப் பெண்ணுக்கும் வங்கி உண்டு என்பதை அவர்கள் செய்து காட்டினார்கள். அது எந்த ஊரில், எந்த நிலையில், எப்படி நிலைக்கும் என்று ஆராய்வது நம் தலைமுறையின் பங்கு.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இந்தப் பாதை நீண்டது. பன்னிரண்டாம் வகுப்பு, இளங்கலை, முதுகலை, அதன்பின் ஆராய்ச்சி. எல்லாம் முடியும்போது எங்களுக்கு இருபத்தேழு, இருபத்தெட்டு வயது ஆகியிருக்கும். அதற்குள் “எப்போது கல்யாணம்?” என்று உறவினர்கள் நூறு முறை கேட்டிருப்பார்கள். வெளிநாட்டில் டாக்டர் பட்ட மாணவர்கள் பலருக்குக் கற்பித்தலிலோ ஆராய்ச்சியிலோ உதவி செய்வதற்கு ஊதியம் கிடைக்கிறது. ஆனால் எல்லோருக்கும் கிடைக்கும் என்று நம்பிப் புறப்பட முடியாது. நிதித் திட்டமிடல் படிப்பதற்காகக் குடும்பத்தைக் கடனில் தள்ளுவது கேலிக்கு இடமாகிவிடும். பட்டம் பெற்றவர் எல்லோரும் செல்வந்தராகவும் ஆவதில்லை. ஆகவே எல்லோரும் இதையே படியுங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. படிக்க விரும்பும் ஒருத்தியைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறோம்.

பெற்றோர்களே! எங்களுக்கு நகை சேர்க்கிறீர்கள்; மிக்க நன்றி. அத்துடன் வீட்டு வரவு செலவு நோட்டையும் எங்களுக்குக் காட்டுங்கள். கடன் எவ்வளவு, காப்பீட்டுப் பத்திரம் எந்தப் பெட்டியில் இருக்கிறது, வங்கிக் கணக்கில் வாரிசாக யார் பெயர் இருக்கிறது என்பதைச் சொல்லுங்கள். “உனக்கெதற்கு இதெல்லாம்?” என்ற ஒரு வார்த்தையில்தான் எங்களுடைய ‘தெரியாது’ தொடங்குகிறது. அன்புள்ள சிஸ்டர்களே! கணக்குப் பாடத்தில் கூட்டுவட்டி சொல்லித்தரும்போது, பூக்காரம்மாவின் தண்டல் கணக்கையும் ஒருநாள் போட்டுக் காட்டுங்கள். தோழியரே! மனையியல் பிரிவை எடுப்பவளை இளக்காரமாகப் பார்க்காதீர்கள். நாளைக்கு அவள் பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ என்று எழுத வேண்டிவரலாம்.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்து, பூ விற்கும் அந்த அம்மாவிடம் வாசித்துக் காட்டினோம். கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். “இதைப் படிச்சா டாக்டர்னு கூப்பிடுவாங்களா?” என்றார். “ஆமாம், அம்மா” என்றோம். மகளைத் திரும்பிப் பார்த்தார். “ஊசி போடாத டாக்டரா? அப்போ நீ படி” என்றார்.

எங்கள் தோழி வழக்கம்போல் ‘தெரியாது’ என்று சொல்லவில்லை. “பார்க்கலாம், அம்மா” என்றாள். அதுவே நல்ல தொடக்கம் என்று நாங்கள் நினைக்கிறோம்.